தங்கபுஷ்பத்தைச் சுற்றிய காற்று

கிளிஞ்சல் தீவில் புயலின் நடுப்பகுதியைக் கைகொடுத்துப் போட்டில் ஏற்றியவள் தங்கபுஷ்பம்தான் என்பதில் இன்றுவரை யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. அது ஐப்பசியின் கடைசியிலா கார்த்திகையின் தொடக்கத்திலா என்பதில்தான் தகராறு, அதுவும் டீக்கடையில் வேறு பேச்சு கிடைக்காத நாளில் மட்டும். அப்படி ஏறிய புயல் பிறகு எப்படிப் போனது என்று கேட்டால் அதில் பெரிய விசேஷம் ஒன்றும் இல்லை, தை பிறந்ததும் எல்லாப் புயலும் போவதுபோல அதுவும் போயிற்று. நடுவில் நடந்ததுதான் கதை.

கோவில்பட்டிப் பக்கமிருந்து கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகளும், வங்காளத்திலிருந்தும் ராஞ்சியிலிருந்தும் வந்து தமிழில் சண்டை போடுமளவுக்குத் தமிழ் பழகிக்கொண்டவர்களும் குடியிருந்த தீவு அது. சுற்றிலும் பவளப்பாறை. முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்கி மீன் பார்ப்பதற்கென்றே வெளியூர்க்காரர்கள் வருவார்கள், அவர்களை அழைத்துப் போவதற்கென்றே வைரமணி ஒரு டைவிங் கடை வைத்திருந்தான். அந்தக் கடையின் போட்டில் ஏணியருகே நிற்பதுதான் தங்கபுஷ்பத்தின் வேலை. மூழ்கியவர்கள் ஒவ்வொருவராக மேலே வரும்போது மணிக்கட்டைப் பிடித்து ஏற்றிவிடுவாள், தலையை எண்ணுவாள், பிளாஸ்கிலிருந்து இஞ்சி டீ ஊற்றிக் கொடுப்பாள். கடைசி ஆளும் ஏறிய பிறகு இன்னொரு தடவை கையைத் தண்ணீருக்குள் விட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பாள். அது அந்தத் தீவின் எல்லா போட்டுகளிலும் உள்ள வழக்கம், எண்ணியதில் தப்பு நேர்ந்திருந்தால் விட்டுப்போனவருக்கு ஒரு கை இருக்கட்டும் என்பதற்காக. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் அப்படிக் கையை விட்டிருக்கிறாள், தண்ணீரைத் தவிர எதுவும் அதைத் தொட்டதில்லை.

புயல் வந்த அன்று காலையிலேயே காற்றின் போக்கு சரியில்லை. வானிலை அறிவிப்பு, நாளைக்குத்தான் பக்கத்தில் வரும் என்றது. வைரமணி அந்த அறிவிப்பை நம்பினான் என்பதைவிட, மழையால் டைவிங் தள்ளிப்போய்த் தள்ளிப்போய்த் தன் கடை வராந்தாவில் உட்கார்ந்து கடலையே முறைத்துக்கொண்டிருந்த விருந்தாளிகளுக்குப் பயந்தான் என்பதுதான் சரி. அவர்களில் கோயம்புத்தூர் ரங்கராஜன் என்று ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர் இருந்தார், ஆமையைப் பார்க்காமல் வீடு திரும்புவதில்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தவர். தங்கபுஷ்பம் இன்றைக்கு வேண்டாம் என்றாள். ஒரே ஒரு முழுக்கு அக்கா, போனோம் வந்தோம் என்று இருக்கும் என்றான் வைரமணி.

போனார்கள். அவர்கள் அடியில் இருக்கும்போதே மேலே காற்று மாறிவிட்டது. அரிசி களைந்த தண்ணீர்போலக் கடல் கலங்கியது. அடியில் மீனுக்குப் பதிலாக மணல் எழும்பிப் பறந்தது. அலையின் இழுப்பு எல்லாரையும் ஊஞ்சல் பலகைபோல முன்னும் பின்னும் ஆட்டியது. வைரமணி பாதியிலேயே அவர்களை மேலே கூட்டிவந்தான். ஏணி ஒரு சமயம் தண்ணீருக்குள்ளும் மறு சமயம் ஆகாயத்திலும் இருந்தது, நடுவில் கிடைத்த நொடிகளில் தங்கபுஷ்பம் ஒவ்வொரு மணிக்கட்டாகப் பிடித்து இழுத்துப் போட்டாள். எல்லாரும் ஏறினார்கள். எண்ணினாள், மழை முகத்தில் அடித்ததில் கணக்கு சரியா, ஒன்று குறைகிறதா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. வழக்கப்படி கையைத் தண்ணீருக்குள் விட்டாள். எதுவோ அதைப் பிடித்தது.

பிடித்தது கைதானா என்று பிறகு பலபேர் அவளிடம் கேட்டார்கள். பிடிப்பு இருந்தது, விரல் இருந்ததா என்று பார்க்க அப்போது நேரமில்லை என்றுதான் அவளால் சொல்ல முடிந்தது. இழுத்தாள். பிழிந்து போட்ட சேலையின் கனம்கூட இல்லாமல் அது ஏறி வந்தது. ஏறி வந்தவருக்கு டீ கொடுக்கும் பழக்கத்தில் இன்னொரு டம்ளர் எடுத்து ஊற்றி, யாரும் உட்கார்ந்திராத பலகையில் வைத்தாள். வைத்த பிறகுதான் கவனித்தாள், டீ தளும்பவில்லை. ஒரு கல்யாணப் பந்தல் போடும் அளவு இடத்தில், அவளை நடுவாக வைத்து, காற்றும் இல்லை மழையும் இல்லை அலையும் இல்லை. மேலே மேகத்தில் கிணற்று வாய்போல வட்டமாக ஒரு திறப்பு, அதன் வழியாகக் காலை வெயில். அதற்கு வெளியே நாலாபுறமும் புயல் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. ரங்கராஜன் முகமூடியைக் கழற்றிச் சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இன்னொரு வாட்டி எறங்கலாமுங்களா?" என்று கேட்டார்.

கரைக்கு வந்து அவள் நடந்தபோது அந்த வட்டமும் கூடவே நடந்தது. படகுத்துறையில் தொடங்கி மாரியம்மன் கோயில் வழியாக, ரேஷன் கடை வழியாக, அவள் போகும் தெரு மட்டும் ஒவ்வொரு வீட்டு வாசலாக வெயில் பட்டு, அவள் கடந்ததும் மறுபடி மழைக்குள் போயிற்று. பார்த்தவர்கள் யாரும் வாயைப் பிளக்கவில்லை. கடலோடு பிழைப்பவர்களுக்கு ஆச்சரியப்பட ஒரு அளவு உண்டு, அதை அவர்கள் சுனாமி வந்த வருஷத்திலேயே செலவழித்துத் தீர்த்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி மட்டும் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் ஈரத் துணிகளை வாளியோடு தூக்கிக்கொண்டு வந்து, நீ எப்படியும் இங்கேதானே உட்காரப் போகிறாய் என்று கேட்டுவிட்டு முற்றத்தில் கொடி கட்டினாள்.

சாயங்காலத்துக்குள் அதற்குப் பந்தல் என்று பெயர் வந்துவிட்டது. பந்தல் இப்போது எங்கே இருக்கிறது, பந்தல் நம் தெருவுக்கு எப்போது வரும் என்று கேட்கத் தொடங்கினார்கள். கேள்வி கூடக்கூடச் சண்டையும் கூடியது. பஞ்சாயத்துத் தலைவரை அந்தத் தீவுகளில் பிரதான் என்பார்கள், அப்போது மரகதம் பிரதானாக இருந்தாள், ரேஷன் கடை வரிசையைக் குரலாலேயே நேராக்கக்கூடியவள். அவள் வந்து முறை வகுத்தாள். விடிந்ததும் கருவாடு காயப்போடும் மைதானத்தில், அதன் பிறகு டைவிங் போட்டில், மத்தியானம் பள்ளிக்கூடத்தில், அந்தி சாய்ந்தால் கோயில் முன்னால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சர்ச் வாசலில், நடுவில் கிடைக்கும் நேரத்தில் வீட்டு முற்றங்களில் முறைவைத்து. தங்கபுஷ்பம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, உட்கார்ந்திருந்தால் போதும். அவளுக்கு நல்ல நாற்காலியும் கொடுத்தார்கள். எந்த வேலையும் இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பழக்கமில்லை, அதனால் கருவாட்டு மைதானத்தில் மீனைப் புரட்டிப் போட்டாள், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு கேட்டாள், கோயிலில் வெளியூர் பூசாரிக்குக் கொட்டாவி வராமல் பார்த்துக்கொண்டாள்.

எல்லாரையும்விடச் சந்தோஷமாக இருந்தவன் வைரமணி. புயல் போகவில்லை, ஆகவே கப்பல் வரவில்லை, ஆகவே விருந்தாளிகளும் ஊர் திரும்ப முடியவில்லை. ஆனால் தங்கபுஷ்பம் போட்டில் உட்கார்ந்தால் அவளுக்குக் கீழே அடிமணல் வரைக்கும் கடல் சலனமில்லாமல் தெளிந்து நின்றது. வட்டத்துக்கு வெளியே கை நீட்டினால் கை தெரியாது. உள்ளே, விழுந்த ஊசியைப் பொறுக்கலாம். இதை மனிதர்களுக்கு முன்னால் மீன்கள் தெரிந்துகொண்டன. முதல் நாள் கிளிமீன்கள் வந்தன, மறுநாள் களவாக்கள், அப்புறம் திருக்கை, அப்புறம் வழக்கமாக ஆளைக் கண்டாலே விலகிப்போகும் சுறாக்கூட ஒரு ஓரமாக வந்து, மழைக்கு ஒதுங்கிய வழிப்போக்கனைப்போல யாரையும் பார்க்காமல் நின்றது. ஆமைகளும் வந்தன. ரங்கராஜன் முதல் ஆமையைப் பார்த்துவிட்டு மேலே வந்து தங்கபுஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், மறுநாளும் கொஞ்சம் அழுதார், வாரக் கடைசியில், "ஆமையத் தவிர வேற ஒண்ணும் வராதுங்களா?" என்று கேட்டார்.

இப்படியாகப் புயலுக்கு நடுவில் தீவு ஒரு ஒழுங்குக்கு வந்தது, கருவாடு காய்ந்தது, பிள்ளைகள் படித்தார்கள், பூசை நடந்தது, விருந்தாளிகள் மீன் பார்த்தார்கள், கொடிகளில் துணி உலர்ந்தது. உலராமல் இருந்தது தங்கபுஷ்பத்தின் மனசு ஒன்றுதான்.

அவள் ஒரே மகள் செண்பகவல்லிக்கு அது நிறைமாதம். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்று கோவில்பட்டியிலிருந்து முன்கூட்டியே கிளம்பி, பெரிய தீவு வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டாள். அங்கிருந்து கிளிஞ்சல் தீவுக்கு வரும் கப்பல்தான் நின்றுபோயிருந்தது. கொண்டுவந்து விட்ட மாப்பிள்ளை விடுமுறை தீர்ந்து திரும்பிப் போய்விட்டான். தூரத்துச் சொந்தக்காரர் வீட்டு மாடி அறையில் அவள் தனியாக இருந்தாள், தினமும் சாயங்காலம் கடையின் வயர்லெஸ்ஸில் வந்து, அம்மா, அங்கே மழை விட்டதா என்று கேட்பாள். விடவில்லை என்பாள் தங்கபுஷ்பம், தலைக்கு மேலே வெயில் அடிக்க.

புயல் ஏன் போகவில்லை என்பது மற்றவர்களுக்குத் தோன்றுவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நடுப்பகுதியை இங்கே விட்டுவிட்டு அது எப்படிப் போகும்? அது அவளிடம் இருக்கிறது, அவள் தீவில் இருக்கிறாள், அவள் இருக்கும்வரை காற்று அவளைத்தான் சுற்றும். மகளிடம் போகலாம் என்றால் போட்டும் இருக்கிறது, போகிற வழியெல்லாம் அலையும் இருக்காது. ஆனால் அவள் போய் இறங்கும் இடத்தில் அவளோடு சேர்ந்து புயலும் இறங்கும். ஜனம் நெருக்கியடித்துக் குடியிருக்கும் பெரிய தீவில், தகரக் கூரைகளுக்கும் கப்பல்களுக்கும் நடுவில், ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்கு நடுவில் அதை இறக்கிவிட்டு மகள் பக்கத்தில் உட்கார அவளுக்கு மனசு வரவில்லை.

செண்பகவல்லியைப் பெற்றபோது தங்கபுஷ்பத்துக்குப் பக்கத்தில் அம்மா இல்லை. அம்மா அப்போது கோவில்பட்டியில் இருந்தாள், வந்து சேரத் தோதில்லாமல் போய்விட்டது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் தனியாகத்தான் பெற்றாள். கம்பி குளிர்ந்து கிடந்தது, அது அவள் கையைத் திருப்பிப் பிடிக்கவில்லை. தன் பிள்ளைக்கு அப்படி ஆகக்கூடாது என்று அன்றைக்கே நினைத்துவிட்டாள். அதை நினைத்துத்தான் இப்போது கருவாட்டு மைதானத்தில் எல்லாரும் பார்க்க அழுதாள், அழுகையைத் துடைக்கவும் இல்லை, காற்றில்லாத இடத்தில் அது தானாகவும் காயவில்லை.

மரகதத்திடம் போய்ச் சொன்னாள், நான் போட்டை எடுத்துக்கொண்டு ஆள் இல்லாத கடலுக்குப் போகிறேன், புயலும் என் பின்னால் வந்துவிடும், கப்பல் வரட்டும், பிள்ளை வரட்டும் என்று. மரகதம் கெட்டவள் இல்லை. ஆனால் அவள் முற்றத்திலும் அன்றைக்குத்தான் பந்தல் முறை, மிளகாய் வற்றல் பாதி காய்ந்திருந்தது. அவள் தன்மையாகத்தான் பேசினாள், நடுக்கடலில் நீ தனியாக என்ன செய்வாய், இங்கே உனக்கு என்ன குறை, ரேஷன் கடையில் இன்னும் அரிசி இருக்கிறது என்று எல்லாம் எடுத்துச் சொன்னாள். கடைசியில், "பெரிய தீவுல பெரிய ஆஸ்பத்திரி இருக்குல்லா புஷ்பம், பிள்ளை அங்கதான் பொறக்கட்டுமே" என்றாள்.

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அதையே ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். உன் நல்லதுக்குத்தான் என்றார்கள். வைரமணி, அக்கா, நாளைக்கு ஒரு முழுக்கு இருக்கிறதே என்று ஆரம்பித்துவிட்டு, அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான். தங்கபுஷ்பம் யாரையும் திட்டவில்லை. தன் பந்தலுக்கு வெளியே, மழைக்கு அப்பால், தீவின் மறுகோடியில் இருந்த வீடுகளைப் பார்த்தாள். முறை வகுத்தபோது அந்த வீடுகளின் பெயர் யார் வாயிலும் வரவில்லை. அங்கே கூரைகள் போய்விட்டிருந்தன, ஒரு பெண் கதவைத் தலையில் பிடித்துக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு பந்தலுக்குள் ஒரு தீவு நிற்காது என்று அப்போது அவளுக்குத் தோன்றியது, அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று.

மறுநாள் விடிந்ததும் மைதானத்துக்குப் போகாமல் நேரே படகுத்துறைக்குப் போனாள். அவள் புருஷன் சங்கிலி அந்த போட்டின் இன்ஜினைப் பார்த்துக்கொள்பவர், அதிகம் பேசாதவர். அவள் சொல்வதற்கு முன்பே டீசல் நிரப்பி, அரிசியும் தண்ணீர்க் கேன்களும் அடுப்பும் ஏற்றி வைத்திருந்தார். கூட வருகிறேன் என்றார். பிள்ளை வந்து இறங்கும்போது துறையில் ஒரு ஆளாவது நிற்க வேண்டும் என்றாள்.

"வந்து, அம்மா எங்கன்னு கேட்டா என்ன சொல்ல?"

"கடலுக்குப் போயிருக்கா, வந்துருவான்னு சொல்லுங்க. ரெண்டு நாள்ல இதுக்கே அலுத்துப்போயி என்னைய விட்டுரும்."

அவள் நம்பித்தான் சொன்னாள். எத்தனையோ விருந்தாளிகளைப் பார்த்தவள், யாரும் ஒரு இடத்தில் சலிக்காமல் இருந்ததில்லை. போட்டை எடுத்தாள். அவள் தென்கிழக்கே போகப்போகப் புயலும் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்ததுபோலத் தீவை விட்டு நகர்ந்தது. முதலில் மேற்குக் கரை வெளுத்தது, பிறகு கோயில், பிறகு பள்ளிக்கூடம், மத்தியானத்துக்குள் தீவு முழுவதும் வெயில். கிடைத்த வெயிலில் எதைக் காயப்போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. வாளியோடு முற்றத்துக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரி, எங்கே கட்டினாலும் உலரும் என்றானதும் கொடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அடுத்த நாள் கப்பல் வந்தது. அரிசியும் காய்கறியும் காஸ் சிலிண்டரும் இறங்கின, விருந்தாளிகள் ஏறினார்கள். ரங்கராஜன் துறையில் நின்று தென்கிழக்கே இருட்டியிருந்த வானத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறினார். செண்பகவல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள், அப்பா நிற்பதைப் பார்த்தாள், அவருக்குப் பின்னால் பார்த்தாள், அதற்கும் பின்னால் பார்த்தாள். சங்கிலி சொல்லச் சொன்னதைச் சொன்னார். அவள் வீட்டுக்கு நடந்தாள். வழியில் மரகதம் அவள் பையை வாங்கிக்கொள்ள வந்தாள், செண்பகவல்லி கொடுக்கவில்லை.

தீவிலிருந்து அரைநாள் தூரத்தில் கடலுக்கடியில் ஒரு பவளத்திட்டு உண்டு, நல்ல காலத்தில் வைரமணி பெரிய டைவர்களை மட்டும் அங்கே கூட்டிப்போவான். தங்கபுஷ்பம் அங்கேதான் நங்கூரம் போட்டாள். சுற்றிலும் கறுத்த மதில்போலக் காற்று, நடுவில் அவளும் போட்டும் தெளிந்த தண்ணீரும். சோறு பொங்கினாள், சாப்பிட்டாள், மிச்சத்தை மீன்களுக்குப் போட்டாள். அலுக்குமென்று காத்திருந்தாள். அதற்கு அலுக்கவில்லை. கேட்டுப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், நீ யார் வீட்டுப் பிள்ளையோ உன்னைத் தேடமாட்டார்களா என்று நயமாகவும் சொல்லிப் பார்த்தாள். கையைத் தண்ணீருக்குள் நீட்டி, வந்த வழியே இறங்கிப் போ என்றாள், மீன் வந்து விரலை முகர்ந்துவிட்டுப் போயிற்று. அவள் முகத்தில் மழை விழுந்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தபோது அவளுக்கே அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

போட்டில் இருந்த வயர்லெஸ்ஸில் சங்கிலி வருவார், சாப்பிட்டாயா என்று கேட்பார். செண்பகவல்லி வரவில்லை. கோபமாக இருக்கிறாள் என்றார் அவர், தங்கபுஷ்பத்துக்கு அது சொல்லாமலே தெரியும். அவள் இடத்தில் இருந்தால் தானும் பேசியிருக்கமாட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஒரு காலை வயர்லெஸ்ஸில் பக்கத்து வீட்டுக்காரியின் குரல் வந்தது, சுகாதார நிலையத்து நர்ஸ் வீட்டுக்கு வந்துவிட்டதாகவும், வைரமணி கடையிலிருந்து வயர்லெஸ் பெட்டியையும் பாட்டரியையும் தூக்கிவந்து கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பதாகவும், வலி கண்டுவிட்டதாகவும் அது சொன்னது. அப்புறம் கரகரப்புக்கு நடுவில் மகளின் மூச்சு கேட்டது. தங்கபுஷ்பம் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முதல்முதலாகக் கடலுக்குள் இறங்குகிறவர்களுக்குப் போட்டில் சொல்லிக்கொடுப்பதையே சொன்னாள், மூச்சை அடக்காதே, மெதுவாக இழு, மெதுவாக விடு, அவசரமாக மேலே வராதே, நான் இங்கேதான் நிற்கிறேன். காலை முழுவதும் அதையே சொன்னாள், மத்தியானம் முழுவதும் சொன்னாள், தொண்டை கட்டிய பிறகும் சொன்னாள். வெயில் சாய்கிற நேரத்தில் வயர்லெஸ்ஸின் கரகரப்பைக் கிழித்துக்கொண்டு ஒரு குழந்தை அழுதது.

பெண் குழந்தை என்றாள் நர்ஸ். தங்கபுஷ்பம் சிரித்தாள், அழுதாள், போட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள், அவளோடு பந்தலும் நடந்தது. புயல் அதற்காக ஒன்றும் குறைந்துவிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அத்தனை நாள் பேசாதிருந்த மகளின் குரல் வந்தது, களைத்துப்போய், மிகப் பக்கத்தில்.

"அம்மா. இவளைத் தொட்டுப் பாக்கணும்னு உனக்கு இல்லையா?"

"நான் வந்தா இதுவும் கூடவே வரும்ட்டி. நீ பச்சை உடம்புக்காரி. ஊரு இப்பதான் நிமிந்திருக்கு."

அந்தப் பக்கம் டொக் டொக்கென்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, ஒரு இடத்திலிருந்து இல்லை, பல இடத்திலிருந்து, கிட்டேயும் தள்ளியும். அது என்ன சத்தம் என்று கேட்டாள். மைக்கை வாங்கியது மரகதம்.

"கூரைக்கு ஆணி அடிக்கோம் புஷ்பம். நேத்துலருந்து அடிக்கோம். மறுகோடியில கூரை இல்லாதவுகளையெல்லாம் பள்ளிக்கூடத்துல கொண்டாந்து வச்சாச்சு. போட்டெல்லாம் மேல ஏத்திக் கட்டியாச்சு. கப்பக்காரன்கிட்டயும் பேசியாச்சு, இனி சொன்னாத்தான் வருவான். அரிசி இருக்கு." ஆணிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினாள். "காத்துதான, வரட்டும். நீ வீட்டுக்கு வா."

தங்கபுஷ்பம் மைக்கை வைத்தாள். நங்கூரத்தைத் தூக்கப் போனாள்.

மறுநாள் காலையில் கிளிஞ்சல் தீவுக்குப் புயல் திரும்பி வந்தது. முதலில் தென்கிழக்கு மூலை கறுத்தது, பிறகு தென்னைகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தன, பிறகு மழை சரம் சரமாக வந்து அடித்தது, அதற்கு நடுவில் ஒரு வெயில் வட்டத்துக்குள் தங்கபுஷ்பத்தின் போட்டு நிதானமாக வந்துகொண்டிருந்தது. துறையில் ஊரே நின்றது. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, காற்றில் தள்ளாடிக்கொண்டு, கண்ணைத் திறக்க முடியாமல் நின்றார்கள். சங்கிலி ஒரு தார்ப்பாயைக் கூடாரம்போலப் பிடித்திருந்தார், அதற்குக் கீழே செண்பகவல்லி மார்போடு சேர்த்து ஒரு துணி மூட்டையை அணைத்துக்கொண்டு நின்றாள்.

தங்கபுஷ்பம் கரையில் கால் வைத்தாள். தார்ப்பாயின் மேல் அடித்துக்கொண்டிருந்த மழை சட்டென்று நின்றது. சங்கிலி அதை மடக்கினார். செண்பகவல்லி முகத்தைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள், இன்னும் கோபம் இருந்தது, அதோடு மற்றதும் இருந்தது. குழந்தையை நீட்டினாள். தங்கபுஷ்பம் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வெயில் கண்ணில் பட்டதும் குழந்தை முகத்தைச் சுளித்துத் தும்மியது, அப்புறம் பாட்டியின் விரல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போயிற்று.

அவள் நிமிர்ந்து பார்த்தபோது ஊர் முழுவதும் பந்தலின் விளிம்புக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஒரு அடி வைத்தால் உலர்ந்துவிடலாம். முன்பு இதற்காக முறைபோட்டு அடித்துக்கொண்டவர்கள், பக்கத்து வீட்டுக்காரி, வைரமணி, பூசாரி எல்லாரும் தலையிலிருந்து தண்ணீர் ஓட ஓட அப்படியே நின்றார்கள். முன்வரிசையில் மரகதம், பல் கிட்டிக்க, முந்தானையைக் காற்றிடமிருந்து பிடுங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள வாங்களேன் எல்லாரும், எதுக்கு நனையுதீக?" என்றாள் தங்கபுஷ்பம்.

மரகதம் முகத்தில் வழிந்த மழையை வழித்து எறிந்தாள். "நீ பிள்ளையப் பாரு" என்றாள். "நாங்க நனைஞ்சுக்கிடுதோம்."